வாய்க்கும் நோன்பு

டிரைவிங் ஸ்கூலில் எல்லாரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்காருகிற வேலை. வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்து, சும்மா இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கால் தரையை அமுக்கும். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது. "கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்கா?" என்று ஆரம்பித்தால், பெரிய ஆபீசர்கள்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் கலங்குவார்கள்.

நோன்பு மாதம் பிறந்ததும் மனைவி சொல்லிவிட்டாள். "வயித்தைக் காயப்போட்டா மட்டும் நோன்பாயிடாதுங்க. இந்த மாசமாவது பழக வர்றவங்ககிட்ட தன்மையா இருங்க."

அவர் ரோஷக்காரர். அன்றிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வாய் வரை வந்த திட்டையெல்லாம் விழுங்கினார். நோன்பு நேரத்தில் அவர் விழுங்கியது அது ஒன்றைத்தான். விழுங்கியது கைகால் வழியாக வெளியே வந்தது. முழங்கால் ஆடியது, விரல்கள் கதவில் தாளம் போட்டன, மூச்சு புஸ்புஸ்ஸென்று சீறியது.

சாயங்கால வகுப்புக்கு ஒரு சலவைக்கடை அம்மா வந்துகொண்டிருந்தார். கடை வேனை ஓட்டியவர் அவர் கணவர். அவருக்குக் கண்பார்வை போனதிலிருந்து வேன் ஷெட்டிலேயே கிடந்தது. துணிமூட்டைகளை வாங்கிவர வேறு ஆளில்லாமல், அந்தம்மா தலை நரைத்த வயதில் கியர் பிடிக்க வந்திருந்தார்.

ஒருநாள் மேட்டில் சிவப்பு சிக்னல் விழுந்தது. பச்சை வந்ததும் அந்தம்மா கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. மாஸ்டர் தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தொடையைப் பிசைந்தார்.

அந்தம்மா கையை மடியில் போட்டுக்கொண்டு விம்மினார். "திட்டிருங்க மாஸ்டர்! வீட்ல அவரும் இப்படித்தான் வாயே திறக்காம உக்காந்திருக்காரு. இங்க நீங்களும் அப்படியே இருந்தா நான் என்னதான் பண்ணுவேன்?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஏதாவது சொல்லவேண்டும். ஆனால் திட்டைத் தவிர வேறெதற்கும் அவர் நாக்கு வளைந்ததில்லை. தவித்துப்போய்க் கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்று, ஹாரன்காரர்களை மறித்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார். "அவசரமே இல்லம்மா! கிளட்சை மெதுவா விடுங்க... இன்னும் மெதுவா... அப்படித்தான்! உங்களால முடியும், போங்க!"

வண்டி மேடேறியது. ஏறியது மட்டுமா, நிற்காமல் போயே விட்டது.

பக்கத்து இருக்கை காலி, பிரேக்கில் கால் இல்லை. மாஸ்டர் வறண்ட தொண்டையோடு பின்னாலேயே ஓடினார். முச்சந்தியில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். எங்கேயோ டயர் கிறீச்சிட்டால் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாய் தன்னால் துஆ ஓதி இறைவனை வேண்டியது.

வண்டி எதிர்த்தெருவிலிருந்து திரும்பி, அவர் பக்கத்தில் ஒழுங்காக வந்து நின்றது. அந்தம்மாவுக்கு முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். "நிறுத்தினா மறுபடி எடுக்க வராதோன்னு பயந்து, சுத்தியே வந்துட்டேன் மாஸ்டர்!"

"நல்லா ஓட்டுனீங்க" என்றார் மாஸ்டர். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, குரல் பிசிறியது. உடனே, "இண்டிகேட்டர் போடல" என்றும் சேர்த்துக்கொண்டார். வண்டியில் ஏறிக் கொஞ்சதூரம் போனதும், "நாளைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. பின்னாடி உக்காரட்டும்" என்றார்.

மறுநாள் கணவர் வந்தார். முதலில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரிய ரோட்டுக்கு வந்ததும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, "மூணுக்கு மாத்து" என்றார். "இன்னும் இல்ல, ரெண்டுலயே போகட்டும்" என்றார் மாஸ்டர். "நான் ஓட்டுன ரோடுங்க இது!" "இது உங்க வேன் இல்லீங்க!" இருவரும் சரிக்குச் சரி பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் சும்மா வர்றீங்களா, இறக்கி விட்டுடவா?" என்று அந்தம்மா ஒரு அதட்டல் போட்டார்.

பின்னால் கணவர் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா மாஸ்டர்? கண்ணு போனதுலேருந்து இவ என்னைத் திட்டவே இல்ல. இன்னைக்குத்தான் திட்டியிருக்கா!"