ஐந்நூற்று நாற்பதாவது கிலோமீட்டர்

லிஃப்ட் மெக்கானிக்கின் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சைக்கிள் நிற்கும். தூக்கத்தில் புரண்டால் பெடல் முழங்காலில் இடிக்கும். வயது நாற்பத்து நான்கு. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை கூடி வந்து, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

வேலையும் ஒண்டியாள் வேலைதான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கதவைத் தட்டுவார்கள். சரியானதும் ஏறிப் போய்விடுவார்கள். சரி செய்தவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

வருஷத்தில் மூன்று வாரம், எங்கோ தூர தேசத்து மலைகளில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை மெஷின் ரூமில் உட்கார்ந்து போனில் பார்ப்பார். ஜெயிக்கிறவன் மேல் அவருக்கு அக்கறை இல்லை. பட்டியலில் கடைசி வரியில் பேர் வருகிறவன் அன்றைய கெடுவுக்குள் வந்து சேர்ந்தானா என்பதுதான் கவலை. கேமரா அவனைக் காட்டாது. முடிவுப் பட்டியல் வரும்வரை டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருக்கும். வந்துவிட்டான் என்று தெரிந்தால்தான் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

அவர் ஓட்டுவது பந்தயம் இல்லை. நெடுந்தூர சவாரி. இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர். நான்கையும் ஒரே வருஷத்தில் கெடுவுக்குள் முடித்தால் ஒரு பதக்கம் உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முதல் மூன்றை ஒவ்வொரு வருஷமும் முடித்துவிடுவார். அறுநூறுதான் கைக்கு எட்டுவதில்லை. அதற்குக் கெடு நாற்பது மணி நேரம். இரண்டு வருஷத்துக்கு முன் முழங்கால் வீங்கி நானூற்றுப் பத்தில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் கடைசிவரை வந்தார், ஆனால் இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பேர் 'கடைசி பஸ்'. 'கடைசி பஸ் வந்தாச்சு, கடையைச் சாத்துங்கப்பா' என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சவாரியை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். பல்லில் எப்படியோ, விதியிலும் அப்படித்தான். மயிரிழை இடைவெளியைக்கூட விடமாட்டார். வழியில் ஐந்தாறு கன்ட்ரோல்கள் இருக்கும். அங்கே நின்று மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். கிளம்பும் முன் டாக்டர் ஒவ்வொரு வருஷமும் அதே பாடத்தை ஒப்பிப்பார்: தாகம் எடுத்தால் கடையில் வாங்கிக் குடிக்கலாம், வழியில் முன்பின் தெரியாத யாராவது கொடுத்தாலும் குடிக்கலாம். ஆனால் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் உதவி கன்ட்ரோலில் மட்டும்தான். நடுவழியில் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கினாலும் சவாரி கணக்கில் வராது.

மெக்கானிக் இதைக் கேட்டு ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அவருக்காக ரோட்டில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்?

ஒரு அக்கா இருந்தாள். ஊரின் மறுகோடியில் மருந்துக்கடையில் வேலை. புருஷன், படிக்கிற இரண்டு பெண்கள் என்று தலைக்கு மேல் வேலை. எப்போதாவது போன் பேசுவாள். "எல்லாரும் எங்கயாவது போய்ச் சேரத்தான் சைக்கிள் ஓட்டுவாங்க. நீ ஒருத்தன்தான்டா கிளம்பின இடத்துக்கே வர்றதுக்கு ரெண்டு நாள் ஓட்டுற" என்பாள். தனக்கு ஏதாவது ஆனால் யாருக்காவது தெரிய வேண்டுமே என்று, ஒவ்வொரு அறுநூறுக்கும் பாதையின் படத்தையும் நேரக் கணக்கையும் அவளுக்கு அனுப்பிவைப்பார். பதக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. கிடைத்த பிறகு கொண்டுபோய்க் காட்டலாம் என்று வைத்திருந்தார்.

போன வருஷம் சவாரி முடிந்து பேசும்போது, பேச்சு வாக்கில் ஒன்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் போட்டோ எடுக்க வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தார்கள், நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

இந்த வருஷம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். ராத்திரி ஒரு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினார். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்நூற்று நாற்பதாவது கிலோமீட்டர். கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது, தண்ணீரைத் தவிர. நம்பி வந்த கடை சாத்தியிருந்தது. பாட்டில் காய்ந்து இருபது கிலோமீட்டர் ஆகியிருந்தது. எதிர்க்காற்று வேறு. கடைசி கன்ட்ரோல் ஒரு பெட்ரோல் பங்க். அதற்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். ரோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தபோது, மரத்தடியில் ஒரு ஸ்கூட்டரும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண்ணும் தெரிந்தார்கள்.

அக்கா.

காலை ஊன்றி நின்றார். வாய் திறக்கவில்லை, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு முடிகிற இடத்துக்குத் தன்னால் வர முடியாது, அதனால் நீ அனுப்பிய படத்தைப் பார்த்து இங்கேயே வந்துவிட்டேன், இரண்டு மணி நேரமாக நிற்கிறேன், போகிற லாரிக்காரனெல்லாம் வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டான் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லியபடியே பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்.

"கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சேடா. குடி."

பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நின்றிருக்கக் கூடாதா இவள்? ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாட்டிலை மூடிவிடுவாள். முகமும் மூடிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் அவருக்காக ரோட்டில் வந்து நின்ற முதல் ஆள்.

வாங்கிக் குடித்தார். முதல் மடக்கிலேயே இந்த வருஷம் போயிற்று என்று தெரிந்தது. தெரிந்தும் பாட்டில் முழுவதையும் குடித்தார். அக்கா போனை எடுத்து அவரை ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

மிச்ச அறுபது கிலோமீட்டரை ஏன் ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடைசியில் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போய் நின்றபோது மணி ஒன்பது இருபது. பல மணி நேரம் முன்னாலேயே வந்தவர்கள் வீட்டாரோடு கிளம்பிப் போயிருந்தார்கள். மேஜைமேல் காலி டம்ளர்கள். டாக்டர் அட்டையை வாங்கி ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து நின்று கையை நீட்டினார்.

மெக்கானிக் கையைக் கொடுக்கவில்லை. ஐந்நூற்று நாற்பதில் அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததைச் சொன்னார்.

டாக்டர் உட்கார்ந்தார். பேனாவை மூடினார், திறந்தார். யாரும் பார்க்கவில்லை, யாரும் புகார் சொல்லவும் போவதில்லை. அவருக்கும் மூன்று வருஷமாக இந்த ஆளைத் தெரியும்.

"வழியில யாரோ ஒரு அம்மா குடுத்தாங்கன்னு வச்சுக்கலாமா?" என்றார், மெதுவாக. "அப்படின்னா தப்பே இல்ல."



"யாரோ இல்ல சார். எங்க அக்கா."

டாக்டர் தலையாட்டினார். அட்டையில் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி முன்னால் நகர்த்தினார்.

மறுநாள் காலை ஏழாவது மாடியில் கூண்டின்மேல் நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"முடிச்சியாடா?"

"முடிச்சேன்."

"நேரத்துக்குள்ளயா?"

"நாப்பது நிமிஷம் மிச்சம்."

"பாத்தியா? நான் மட்டும் வரலைன்னா அங்கயே விழுந்திருப்பே."

"ஆமாக்கா."

அவள் குரலில் இருந்த பெருமை இருட்டுக் குழி முழுக்கக் கேட்டது. அடுத்த வருஷமும் அதே மரத்தடிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"மரத்தடி வேணாம்கா. பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. அங்க வா."

"எதுக்குடா? மரத்தடியில நல்ல நிழல்."

"பங்க்ல நாற்காலி போட்டிருப்பாங்க" என்றார். "கால் கடுக்க நிக்க வேணாம் பாரு."