எக்ஸ்ரே அறைக்காரர்களின் பிள்ளைகள்

“எத்தனை பேர்ல?” என்று கேட்டுக்கொண்டே எக்ஸ்ரே எடுப்பவர் என் மணிக்கட்டைப் பலகையின் மேல் திருப்பி வைத்தார். ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே ஆயுள் குறையும், என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லியிருந்தேன். “ஒருத்தர்ல ஒருத்தரா? அப்ப கணக்கே ஆரம்பிக்கலயே சார். கைய ஆட்டாதீங்க.”

ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘எத்தனை பேர்ல’ என்றே பெயர். ஐம்பது வயது, ஒல்லி, ஓயாத வாய். கதிர் விஷயத்தில் அலட்சியம் கிடையாது. ஈய ஏப்ரன் இல்லாமல் யாராவது உள்ளே நுழைந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். கதைகளை மட்டும் நம்ப மாட்டார்.

அப்படிப்பட்டவரே ஒரு கதைக்குச் சாட்சியாகிப்போனதுதான் வேடிக்கை. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தால் பெண் குழந்தைதான் பிறக்குமாம். அவருக்கு மூன்றும் பெண். உடன் வேலை பார்ப்பவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பேரனுக்கு ஆசைப்பட்ட அவள் மாமியார் இதைக் கேள்விப்பட்டு, வேலையை விடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். ஆசைப்பட்டுப் படித்த வேலை. ராஜினாமாக் கடிதத்தை அழுதுகொண்டே எழுதி வைத்திருந்தாள்.

இவர் எண்ண ஆரம்பித்தார். எக்ஸ்ரே அறையில் இப்போதுள்ள எட்டுப் பேருக்குப் பதினொரு பெண், நான்கு பையன். எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் அசரவில்லை. மாடியில் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே ஒன்பது பையன், இரண்டு பெண். “இங்க என்ன கதிர் வருது? கால்குலேட்டர்லேர்ந்தா?” என்றாராம். பிறகு எக்ஸ்ரே அறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகிப் போனவர்கள் எல்லோருக்கும் போன் போட்டார். தன் மூன்று பெண்களையும் பட்டியலிலிருந்து அடித்தார். “சந்தேகமே இவங்களாலதான வந்துச்சு? இவங்களையே சாட்சிக்குக் கூப்பிட்டா நியாயமா?” கடைசியில் நின்றது இருபத்தொன்பது பெண், முப்பது பையன். இதெல்லாம் என் படம் வரும்வரை அவரே சொன்னது.

அந்த நேரம் பார்த்து மாமியாரே முழங்கால் வலியோடு வந்து சேர்ந்தார். “எக்ஸ்ரே எடுக்கணும் அத்தை, பரவாயில்லையா?” என்று மருமகள் இழுத்தாள்.

“எனக்கு இனிமேலா பொறக்கப்போகுது? எடு.”

எடுத்து முடித்ததும் இவர் பட்டியலை நீட்டினார். அந்த அம்மா விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். “அப்ப பேரன்தான்னு எழுதிக் குடுப்பியா தம்பி?”

மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு பொய் சொன்னால் போதும், வேலை தப்பித்துவிடும்.

“அது முடியாதும்மா. வேலைய விட்டாலும் பாதிக்குப் பாதி. விடலன்னாலும் பாதிக்குப் பாதி மாதிரிதான் தெரியுது.”

அந்த அம்மா முழங்காலைத் தடவியபடி யோசித்தார். “ரெண்டும் ஒண்ணுன்னா வேலைய எதுக்கு விடணும்? இதக் குடு. கதை கட்டினாளே என் தங்கச்சி, அவ மூஞ்சில காட்டறேன்” என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஒரு நிமிஷம்மா” என்றார் இவர். காகிதத்தைத் திரும்ப வாங்கி, சுவரில் வைத்து, கொட்டை எழுத்தில் அடியில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்: ‘ஐம்பத்தொன்பது பிள்ளைகள் போதாது. இன்னும் எண்ண வேண்டும்.’