எண்ணெய் கேட்ட இசக்கித்தாய்

முதலில் உச்சந்தலையைத்தான் முகர்ந்து பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அரசாங்கப் பெண்கள் விடுதியின் இரும்புக் கேட் கிறீச்சிட்டதும் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். யாரும் நிற்கச் சொன்னதில்லை. இசக்கித்தாய் ஒவ்வொரு தலையாகக் குனிந்து, மூக்கை வைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுப்பாள். "ஏளா, இந்த வாரமும் எண்ணெய் இல்லியா?" பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டும்போது அந்தத் தலை அவள் மூக்கில் இடிக்கும். அந்த இடியையும் வார்டன் கணக்கில்தான் சேர்ப்பாள்.

அவளுக்கு உப்பளத்தில் வேலை. பாதமெல்லாம் வெடிப்பு. அதனால் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்து வைப்பாள். வாய்க்கு அந்தக் கவனம் கிடையாது. மகள் செல்லக்கிளி இந்த விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சேர்த்த அன்று யாரோ ஓர் அதிகாரி, சோறு, பாய், சோப்பு, தலைக்குத் தேங்காயெண்ணெய் எல்லாம் சர்க்கார் தரும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். இசக்கித்தாய் அதைப் பேச்சுவாக்கில் கேட்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வாக்காகக் கேட்டுக்கொண்டாள். "சொல்லித்தான பிள்ளைய கூட்டிட்டுப் போனிய? அப்பம் செய்யணும்லா?" என்பாள்.

அவள் சந்தேகங்கள் எல்லாம் சரியானவை என்று சொல்ல முடியாது. ஒருமுறை சமையற்காரி கத்தரிக்காய் திருடுகிறாள் என்று தெருவையே கூட்டிவிட்டாள். வெந்தால் சுருங்கும் என்பதை இன்றுவரை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று செல்லக்கிளி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவள், சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

வார்டன் ஞானதீபம் மெதுவாகப் பேசுகிறவர். கேட் சத்தம் கேட்டால் அறைக்குள் போய் முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். இசக்கித்தாய் சாமி காரியத்தில் குறுக்கிட மாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். "ஆமென் சொல்லியாச்சா வார்டனம்மா? எண்ணெய் எங்க?"

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலாபீசிலிருந்து சங்கரலிங்கம் என்ற அதிகாரி விடுதியைப் பார்வையிட ஜீப்பில் வந்தார். எதிர்வீட்டுக்காரன் என்பதால் எனக்கும் அழைப்பு. பிள்ளைகளின் தலைகள் பளபளவென்று மின்னின. சிலருக்கு நெற்றியில் எண்ணெய் வழிந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டிருந்தபோது கேட் கிறீச்சிட்டது.

இசக்கித்தாய் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தாள். முதல் தலை. இரண்டாவது தலை. நின்றுவிட்டாள்.

"ஏளா, இது என்ன அப்பள வாசம்?"

"யார் இந்த அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஐயா, இங்கன வாங்க. நான் சொன்னா பொய்யின்னுவாவ. நீங்களே மோந்து பாருங்க."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தார். காலையில் அவர் சாப்பிட்டிருக்கவில்லை போலிருக்கிறது. நிமிர்ந்தபோது எச்சில் விழுங்கினார். "அப்பளம்தான்" என்றார்.

"ஐயாவுக்குப் பொரிச்சதுல மிஞ்சின எண்ணெய்" என்று சமையற்காரி முணுமுணுத்தாள்.

இசக்கித்தாய் வார்டன் பக்கம் திரும்பினாள். "எண்ணெய்த் துட்டையும் தின்னுட்டு, பிள்ளைய தலையில அப்பள எண்ணெயவா ஊத்துதிய?"

ஞானதீபம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "துட்டு வந்தாத்தான திங்கதுக்கு? சார், நான் பில் அனுப்பி தீவாளி போயி, கிறிஸ்மஸும் போயிட்டு. உங்க ஆபீஸ்லதான் கிடக்கு. சோப்பு மட்டும் என் சம்பளத்துல வாங்கிக் குடுக்கேன். எண்ணெய்க்கும் சேத்து என்னால முடியல சார்."

அதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அது பரிசீலனையில் இருக்கிறது."

"அங்கன யாருய்யா இருக்கா? நான் போயிக் கேட்டுட்டு வாரேன்" என்றாள் இசக்கித்தாய்.

பிள்ளைகளில் ஒருத்தி சிரித்தாள். அது வரிசை முழுக்கப் பரவியது. இசக்கித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வார்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் ஏசிய ஏச்செல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் கறுத்துப்போயிற்று.

"இத முன்னாலயே சொன்னா என்னம்மா?"

"நீங்க எங்க சொல்ல விட்டிய?" என்றார் ஞானதீபம்.

அடுத்த மாதமே எண்ணெய் டின்கள் வந்தன. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. வார்டன் ஒழுங்காகச் செலவு செய்கிறாரா என்று கண்காணிக்கப் பெற்றோர் கமிட்டி அமைக்க வேண்டுமாம். பணத்தை வைத்திருந்த ஆபீசைக் கண்காணிப்பது யார் என்று அதில் இல்லை. இசக்கித்தாயும் ஓர் உறுப்பினர்.

முதல் கூட்டத்துக்கு அதிகாரியே வந்தார். உறுப்பினர்களுக்கு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இசக்கித்தாய் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்று கேட்டாள். எண்ணெய் வந்ததைப் பற்றி அவர் விரிவாகப் பேசினார். வார்டன் கையிலிருந்து போட்ட சோப்புப் பணம் என்னவாயிற்று என்று அவள் கேட்டதற்கு, பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கைகூப்பி எழுந்தார்.

இசக்கித்தாய் நாற்காலியை உப்புக் கூடைபோலத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவருக்கு முன்னால் படியிறங்கிப் போய், ஜீப்புக்கு நேர் எதிரே விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள்.

சற்று நேரத்தில் ஞானதீபம் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்தார். சத்தம் வராமல் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இசக்கித்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலையைத் தொடையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அந்தப் பக்கம் நீட்டினாள்.