சிட்டம்மாளின் வலது கால்

சாலவாக்கத்துச் சிட்டம்மாள் பிறக்கும்போது தலைக்கு முன்னால் வலது கால்தான் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஐம்பத்திரண்டு வயதுவரை அவளுடைய வலது காலை ஊர் சும்மா விட்டதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்கள். குப்புறப் படுக்கவைத்து மூன்று மிதி மிதித்து அனுப்புவாள்.

லாரியில் வைக்கோல் கட்டு ஏற்றுவது அவள் பிழைப்பு. ஒருநாள் கட்டைத் தலைக்கு மேல் எறிந்தபோது வலது தோளில் என்னவோ அறுந்தது. சுளுக்கு என்று அவளே முடிவு கட்டினாள். தன் தோளைத் தானே மிதிக்க முடியுமா? எண்ணெய் போட்டு உருவியே ஒரு வருஷத்தை ஓட்டினாள். கடைசியில் தலை சீவக்கூடக் கை எழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்தார். தோளைப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்து, உள்ளே சுருங்கிப்போயிருந்தது. இழுத்துத் தைக்க எட்டாது. தொடையிலிருந்து கெட்டியான சவ்வை எடுத்து ஒட்டுப் போட வேண்டும்; எந்தத் தொடையானாலும் சரி என்றார். இல்லாவிட்டால் கை இப்படியேதான்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் ஏகாம்பரம் குதித்தான்.

"இன்னா அண்ணி, அந்தக் கால்ல கத்தி வெச்சா சக்தி பூடும். ஆபரேசனே வாணாம். பண்ணித்தான் ஆவணும்னா எடது கால்ல எடுக்கச் சொல்லு."

ஊரும் அவன் பக்கம். அவள் கை போனால் யாருக்கு என்ன, கால் வேண்டுமாம்! கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

சிட்டம்மாள் டாக்டரம்மாவிடம் தொடையைத் தட்டிக் காட்டினாள். "வலதுலயே எடும்மா. ஊருக்கெல்லாம் ஒத்தாசை பண்ணிக்கினு இருந்த காலு. எனுக்கு ஒரே ஒரு வாட்டி பண்ணட்டும்."

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கை கழுத்துப் பட்டையில் தொங்கியது. பிறகு மாதக்கணக்கில், சுவரில் விரல்களை மேலே மேலே நகர்த்திக் கையைத் தூக்கும் பயிற்சி. வலியில் அழுவாள், திட்டுவாள், மறுபடி விரலைச் சுவரில் ஏற்றுவாள். அவள் நொண்டுவதைப் பார்த்துக் காலும் போச்சு என்றார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் மாதம் தானே தலை சீவிக் கொண்டை போட்டாள்.

அந்த வாரமே ஏகாம்பரம் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"சுளுக்கிக்கிச்சி அண்ணி. ஒரு மிதி மிதியேன்."

"கையத் தூக்கு, பாப்பம்."

மார்புக்கு மேல் எழவில்லை.

"இது சுளுக்கு இல்ல. நான் பண்ண தப்ப நீயும் பண்ணாத. நாளைக்கே போய் ஸ்கேன் எடு."

"அப்ப, கால்ல சக்தி பூட்ச்சா?"

சிட்டம்மாள் வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினாள்.

"எங்கயும் பூடல. இங்க கீது, பாரு."