பொதுமக்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் சொல்லிப் பிழைக்கிறவள் நான். ஊருக்கே கேட்கச் சொன்னதை ஊரில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத தொழில் இது. பஸ் நடத்துநர்களே, வகுப்பாசிரியர்களே, உங்களுக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கும்.

தண்ணீர் வராத நாள்

“பொதுமக்களின் கவனத்திற்கு! நாளை நீர் விநியோகம் தடைப்படும்” என்று உட்துறைமுக வீதியில் காலை முழுக்கச் சொன்னேன். மறுநாள் ஒரு அம்மா வெற்று வாளியோடு ஓட்டோவை மறித்தார். உங்கள் வாசலில் நின்றுதானே சொன்னேன் என்றேன்.

“ஓம் பிள்ளை, கேட்டனான். பொதுமக்களுக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள், எங்களுக்கு எண்டு சொல்லேல்லையே.”

சாம்பல்தீவுக் கரையில்

பொழுதுபடக் கடும் காற்று வரும், படகுகளை மேலே ஏற்றச் சொல்லுங்கள் என்று மீனவர் சங்கத்தார் அனுப்பினார்கள். “பொதுமக்களின் கவனத்திற்கு” என்று இரண்டு முறை சுற்றி வந்தேன். கரையில் மீனவர் தங்கும் வாடிக்குள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த தவம் அண்ணை தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் படகு அலைக்கரையிலேயே கிடந்தது. அது போனால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

ஓட்டோக்காரத் தம்பி சாவியைத் திருகினான்.

“சொல்லிட்டம்தானே அக்கா, இனிப் போவம்.”

சாவீட்டுப் பாட்டு

அவர்கள் படகை இழுக்காமல் நான் போவதாக இல்லை. எங்கள் ஊரில் மரண அறிவித்தலுக்கு முன் ஒரு சோக இசை போடுவோம். அதைக் கேட்டால் உலையை இறக்கிவிட்டாவது வாசல் படலைக்கு வந்துவிடுவார்கள். அதையே போட்டேன். வாடி காலியானது, வீடுகளும் காலியாயின. “ஆர் மோசம் போனது?” என்று ஓடி வந்தவர்களிடம், “இன்னும் ஒருத்தரும் இல்லை. காற்று வருது, படகுகளை ஏத்துங்கோ. தவம் அண்ணை, உங்கட படகையும்தான்” என்றேன். என்னைத் திட்டித் திட்டியே இழுத்தார்கள். நான் மைக்கை விடவில்லை, கடைசிப் படகு ஏறும்வரை ஒவ்வொருவர் பெயராகச் சொன்னேன்.

இருட்டியதும் காற்று வந்தது. படகுகள் கிடந்த இடத்தைக் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. விடியத் தவம் அண்ணை ஓட்டோவருகே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“பிள்ளை, நான் செத்தாலும் நீதான் அறிவிக்கோணும். ஆனா இனி அந்தப் பாட்டைக் கேட்டா ஒருத்தரும் சாவீட்டுக்கு வரமாட்டினம், படகு இழுக்கத்தான் ஓடுவினம்.”

அன்றிலிருந்து நான் ஆட்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அந்தப் பொதுமக்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.