வாயைத் திறக்கக் கூடாத பாலிசி

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி எப்படி டாக்டருக்குப் படித்தாள் என்று எனக்கே ஆச்சரியம். ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பும் மீசைக்காரர்களை, "இதுக்குப் போயி பயப்படலாமா?" என்று அதட்டுவேன். கூட வந்தவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். காலையில் அரசு ஆஸ்பத்திரி வேலை. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை சாயல்குடியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஏதோ ஒரு டாக்டர் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. அன்றைக்கே காப்பீட்டு ஏஜெண்டுக்குப் போன் அடித்துவிட்டேன். சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால், டாக்டருக்காகக் கம்பெனி வந்து நிற்கும். அதுதான் பாலிசி.

விண்ணப்பத்தில், தனியார் பிராக்டிஸ் முழு நேரமா, பகுதி நேரமா என்று ஒரு கேள்வி. பகுதி நேரம் என்று டிக் அடித்தேன். தப்பையெல்லாம் ஐந்திலிருந்து எட்டுக்குள் செய்து முடித்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஏஜெண்ட் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. என்ன நடந்தாலும் தப்பு என் மேலதான்னு உங்க வாயால சொல்லிராதீங்க. கம்பெனியக் கேக்காம ஒத்துக்கிட்டீங்கன்னா, அவங்க கைய விரிச்சிருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. குழம்பில் உப்புக் கூடினால் உப்புப் பாக்கெட்டைத் திட்டுகிற ஆள் நான். என் குணம் தெரிந்து எனக்கென்றே போட்ட ஷரத்து. சிவப்பு மையில் கோடு வேறு போட்டு வைத்தேன்.

ஆறு மாதம் கழித்து, கடலாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மிளகாய் விவசாயி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, பல வருஷமாகச் சர்க்கரை நோய். பாதத்தில், இரண்டாவது விரலுக்குக் கீழே சீமைக்கருவேல முள் ஏறியிருந்தது. இழுத்து எடுத்தேன். ஊசி போட்டேன், மாத்திரை எழுதினேன். காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ள என்னமோ நெருடுதும்மா" என்றார்.

"எல்லாம் வந்துருச்சுய்யா. முள்ளு போன எடம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே ஊரிலிருந்து காய்ச்சலுக்கு வந்த ஒரு பெண் சொன்னார்: "ஒங்ககிட்ட முள்ளெடுத்தாகள்ல, அவுகளுக்கு மதுரையில கால் விரல எடுத்துட்டாக. உள்ள முள்ளு முறிஞ்சு கெடந்துச்சாம்."

அந்தப் பெண் வெளியே போன கையோடு ஏஜெண்டுக்குத்தான் போன் போட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது, எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்று விலாவாரியாகக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான் அந்த மனுஷனின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. சீச்சீ, நீயெல்லாம் ஒரு டாக்டரா என்று இருந்தது.

நோட்டீஸ் வரவில்லை, அவரே வந்தார். கையில் கம்பு, காலில் அழுக்கேறிய கட்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும், "தப்பு என்னுதுதாம்மா. ஈரக் காட்டுக்குள்ள அந்தக் காலோட போயிருக்கக் கூடாது" என்றார்.

அடப்பாவி, பழியை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாரே! நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றேன். ஏழு வருஷம் படித்தவள் அவ்வளவுதான் சொன்னேன்.

கட்டைப் பிரித்தேன். நாற்றம் அடித்தது. தினமும் கட்டு மாற்றாமல் விட்டால் பக்கத்து விரலும் போகும், அப்புறம் பாதமும் போகும். சுத்தம் செய்து, புதுக் கட்டுப் போட்டேன். "நாளையிலேருந்து தெனம் வரணும்யா. இங்கன வர முடியலைன்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்காச்சும் போங்க" என்றேன்.

"பாக்குறேம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்குறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். ஏன் வருவார்? நெருடுகிறது என்று சொன்னதைக் காதில் வாங்காதவளிடம் மறுபடியும் எதற்குக் காலை நீட்ட வேண்டும்? கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவர் பஸ்ஸுக்கு நின்றார். மறுபடியும் ஏஜெண்டுக்குப் போன். "அவர்கிட்ட ஒரு வார்த்தை உண்மையச் சொல்லலாமா?"

"எழுத்துல அனுமதி கேப்போம் மேடம். பதில் வர பதினஞ்சு நாள் ஆகும்."

பதினைந்து நாளில் அந்தக் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பஸ் வேறு வந்துவிட்டது. கழுத்தில் ஸ்டெத்தோடு, செருப்பில்லாமல் ரோட்டைக் கடந்து ஓடினேன். ஏதோ உயிர் போகிற அவசரம் என்று டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தேவிட்டார்கள்.

அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் படியில் நின்றபடியே, "அய்யா, தப்பு உங்களுது இல்ல, என்னுது. நெருடுதுன்னு நீங்க சொன்னீக. நான் பாக்கல. முள்ளு உள்ளதான் இருந்துச்சு" என்றேன். ஷரத்தும் போயிற்று, கூடவே என் கௌரவமும். ஒரு பஸ் முழுக்கச் சாட்சி.

"டாக்டரம்மா, ஏறுறீகளா, எறங்குறீகளா?" என்றார் கண்டக்டர்.

விவசாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்மா. மதுரையில அந்த முள்ள எடுத்து என் கையிலதான் குடுத்தாக. நீங்க சொல்லுவீகளான்னு பாக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

படியிலிருந்து இறங்கினேன். கண்டக்டர் விசில் ஊதினார். விவசாயி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நாளைக்கு வாரேம்மா. நெருடுதுன்னு சொன்னா, இந்த வாட்டி கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."