முத்துமாரியம்மாள் எரித்த கடிதம்

எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, வீட்டின் முன்கட்டிலேயே இருந்த ராஜகுருவின் பலசரக்குக் கடையில், மத்தியானம் மட்டும் அவர் மனைவி முத்துமாரியம்மாள் உட்கார்ந்திருப்பாள். அவர் அந்நேரம் சரக்கு எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருப்பார். அவள் அளந்தால் படி குறையாது. பருத்தி எடுத்துவிட்டு வருகிற பெண்கள், அவள் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்து வாங்கிப் போவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். யாரையும் கெட்ட வார்த்தை சொல்லாத வாய். “நான் யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சவ இல்ல” என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு சுகம் உண்டு. எண்பத்து நாலில் கொழுந்தன் பால்ச்சாமிக்குக் கல்யாணமாகி, தங்கச்செல்வி அந்த வீட்டுக்குள் வருகிறவரை அது உண்மையாகவும் இருந்தது.

தங்கச்செல்வி பத்தாவது பாஸ் பண்ணியவள். முத்துமாரி ஐந்தாவதோடு நின்றவள். அது பெரிய விஷயமில்லை. வந்த ஆறே மாதத்தில் தெருப்பெண்கள் மனு எழுத, கடிதம் வாசிக்க அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மாமியார் சந்தனம்மாள் எட்டு வருஷமாக முத்துமாரியிடம் கேட்காத யோசனைகளை எல்லாம் சின்ன மருமகளிடம் கேட்டாள். “சின்னவ கையில என்ன பாந்தம் பாரு” என்று வருகிறவர்களிடம் சொன்னாள். முத்துமாரி சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அடுப்படிக்குள் போனதும் கரண்டியைப் பானையில் ஓங்கித் தட்டுவாள். இதற்குப் பெயர் பொறாமை என்று அவளுக்குத் தெரியவில்லை. புது மருமகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் கூடாது என்கிற நியாயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

எண்பத்தாறில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தங்கச்செல்வி விண்ணப்பம் போட்டாள். தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் பழுப்பு உறை வந்த நாளில், குழந்தைக்கு ஊசி போட அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கடையில் முத்துமாரி மட்டும்தான். பிரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று பருத்திவிதைச் சாக்குக்கு அடியில் சொருகினாள். கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை. சாயங்காலம் உள்ளே போனபோது அவளுடைய மகள் வேணி, சித்திக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, தங்கச்செல்வி அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். “நான் பின்னி விடுறேன் வா” என்று முத்துமாரி கூப்பிட்டாள்.

“வேண்டாம்மா, நீ இழுத்து இழுத்துப் பின்னுவ. வலிக்கும். சித்தியே பின்னட்டும்” என்றாள் மகள், தலையைக்கூடத் திருப்பாமல்.

கடிதம் சாக்குக்கு அடியிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தங்கச்செல்வி பின்கட்டில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முத்துமாரி நிலைப்படியில் சாய்ந்து, கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். மறுநாள் நெல் அவிக்கிற அடுப்பில் கடிதத்தைப் போட்டாள். வேலை பக்கத்து ஊர்க்காரி ஒருத்திக்குப் போனது.

“எனக்குக் குடுத்து வைக்கலக்கா” என்று தங்கச்செல்வி அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தது முத்துமாரியின் கைதான்.

இதோடு எரிச்சல் அடங்கும் என்று நினைத்தாள். அடங்கவில்லை. இரண்டு வாரத்தில் தங்கச்செல்வி பழையபடி மனு எழுதினாள், பிள்ளைகளோடு சிரித்தாள். வேலையைப் பறித்த பிறகும் அவளிடம் ஒன்றும் குறையவில்லையே என்பது முத்துமாரிக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விரதமிருந்து சாமி கும்பிடும்போது, ‘இவளுக்கு ஏதாவது வரட்டும்’ என்று மனசு சொன்னதை அவளே கேட்டாள். அன்றைக்குத்தான் தன்னை நல்லவள் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்தினாள்.

என்ன செய்வதென்று கேட்க ஆளில்லை. அவளாக ஒரு வழி வைத்துக்கொண்டாள். மாமியார் சின்னவளைப் புகழ்ந்தால், தானும் சேர்ந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பாள். சில நாள் தோற்றுப் போவாள். ஒருமுறை பக்கத்து வீட்டு மாயக்காளிடம், தங்கச்செல்வியின் பிறந்த வீட்டைப் பற்றி இல்லாததைச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை தானே போய், “நேத்து நான் சொன்னது பொய்யி மாயக்கா, மனசுல வச்சுக்கிறாதீக” என்றாள். மாயக்காள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திரும்பி வரும்போது கூசியது. ஆனால் அதற்குப் பிறகு அப்படிப் பேச வாய் எடுத்தபோதெல்லாம் அந்தப் பார்வை ஞாபகத்துக்கு வந்து நிறுத்தியது.

ஆறு வருஷம் போயிற்று. தொண்ணூற்றிரண்டில் அந்த அமைப்பாளர் மாறுதலாகிப் போக, இடம் மறுபடி காலியானது. தங்கச்செல்வி அசையவில்லை. இரண்டு பேரும் பின்கட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தபோது முத்துமாரி கேட்டாள்.

“நீ போடலையா?”

“போன தடவ ஒரு இன்டர்வியூக்குக்கூடக் கூப்பிடல. என்னையெல்லாம் எதுக்குக் கூப்பிடப் போறாக.”

முத்துமாரி சுத்தியலைக் கீழே வைத்தாள். “கூப்பிட்டாக செல்வி. லெட்டர் வந்துச்சு. நான்தான் அடுப்புல போட்டேன்.”

தங்கச்செல்வி கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். “என்னைக்குக் கூப்பிட்டிருந்தாக?”

“செவ்வாக்கெழம. பதினோரு மணி.”

“நான் உளுந்து பொடச்ச அன்னைக்கா? நீங்க நிலையில நின்னு என்னையவே பாத்துக்கிட்டிருந்தீகளே, அன்னைக்கா?”

“ஆமா.”

“ஏங்க்கா?”

“உன்னையப் பாத்தா எனக்கு வயிறு எரியும். வேற காரணம் இல்ல.”

அவள் மன்னிப்பாள் என்று முத்துமாரி உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அவ்வளவு நல்லவளாயிற்றே. தங்கச்செல்வி மன்னிக்கவில்லை. புளிக் கூடையைக் காலால் எத்திவிட்டு எழுந்தாள். வீட்டில் எல்லாரிடமும் சொன்னாள். தெருவிலும் சொன்னாள். அந்த வாரமே தனி அடுப்பு வைத்தாள். ராஜகுரு பதினைந்து நாள் மனைவியிடம் பேசவில்லை. சந்தனம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். கடைக்கு வருகிற பெண்கள் இப்போது முத்துமாரி அளக்கும்போது படியை உற்றுப் பார்த்தார்கள். பதினாறு வருஷத்துப் பெயர் ஒரு வாரத்தில் போனது.

தங்கச்செல்வியின் கோபம் ஒரு விதத்தில் முத்துமாரிக்கு ஆறுதலாகவும் இருந்தது. இத்தனை நாள் அவளைக் குறையே இல்லாதவளாக நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தாள். கூடையை எத்துகிற, தெருவில் நின்று கத்துகிற ஒருத்தியோடு சேர்ந்து வாழ முடியும் என்று தோன்றியது.

ராஜகுருவிடம் சொல்லாமல் பஸ் ஏறி யூனியன் ஆபீஸுக்குப் போனாள். விசாரித்து, விண்ணப்பம் வாங்கி வந்து, தங்கச்செல்வியின் அடுப்புப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து அழுத்திவிட்டு வந்தாள். இரண்டு நாள் அது தொடப்படாமல் கிடந்தது. மூன்றாம் நாள் காணோம். எரித்துவிட்டாள் போல என்று நினைத்தாள். பிறகு இன்டர்வியூ கடிதம் வந்தது. இந்த முறை தபால்காரரிடமிருந்து வாங்கியதும், கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கையில் கொடுத்தாள்.

தொண்ணூற்று மூன்று ஆனியில் தங்கச்செல்வி வேலையில் சேர்ந்தாள். அவளுடைய சின்னப் பிள்ளையின் பின்னால் ஓட மாமியாருக்கு முடியாது; சோறூட்டிப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஒரு நாள் காலை பிள்ளையைக் கொண்டுவந்து முத்துமாரியின் மடியில் விட்டாள். “பதினொண்ணுக்குக் கஞ்சி குடிப்பான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கஞ்சி போட்ட சேலை, கையில் பை, வேகநடை. போகிறவளைப் பார்த்தபோது முத்துமாரிக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய சூடு சுர்ரென்று ஏறியது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சாயங்காலம் பிள்ளையை வாங்க வந்தவளிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

“காலைல நீ போறதப் பாத்தேன். இன்னமும் எரியத்தான் செய்யுது செல்வி.”

தங்கச்செல்வி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “எரிஞ்சா எரியட்டும். கஞ்சி குடிச்சானா?”

“ரெண்டு டம்ளர் குடிச்சான்.”

“சரி, நாளைக்கும் விட்டுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.